சூடான ஊரில் ஓசை குறைந்த கணினி: பிராசசர் கூலர் தேர்வு

மேசைக் கணினியின் பிராசசர் இழுக்கும் மின்சாரம் முழுவதும் கடைசியில் வெப்பமாகவே வெளியேறுகிறது. 65 வாட் உள்ளே போனால் 65 வாட் வெப்பம் வெளியே வந்தாக வேண்டும். அந்த வெப்பம் பிறக்கும் இடமோ மிகச் சிறியது. ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசையில் கணக்குப் போடும் சில்லின் பரப்பு சுமார் 70 சதுர மில்லிமீட்டர்தான். கட்டைவிரல் நகம் அதைவிடப் பெரியது. அங்கே பிறக்கும் வெப்பத்தை எடுத்து, அகன்ற உலோகத் தகடுகளில் பரப்பி, காற்றில் கலக்கவிடுவதே கூலரின் வேலை. இந்த வேலையை எவ்வளவு நன்றாகச் செய்கிறது, எவ்வளவு ஓசையோடு செய்கிறது என்ற இரண்டு கேள்விகளுக்கும் ஒருசேர விடை தேடுவதே கூலர் தேர்வு.

விடை எல்லா ஊருக்கும் ஒன்றாக இருப்பதில்லை. கூலர்களைப் பற்றி வெளிவரும் சோதனைகளில் பெரும்பாலானவை 20 முதல் 25 டிகிரி செல்சியஸ் வரையிலான அறைகளில் செய்யப்பட்டவை. மதுரைச் சமவெளியில் அப்படிப்பட்ட அறை மார்கழி விடியலில் வாய்க்கும்; மற்றபடி ஏசி போட்டால்தான் உண்டு. ஆகவே இங்கே கூலர் வாங்குபவர் அந்த அட்டவணைகளை அப்படியே நம்ப முடியாது. அவற்றைத் தம் ஊரின் வெயிலுக்கும் தூசிக்கும் ஏற்றபடி மாற்றி வாசிக்க வேண்டும்.

பிராசசருக்குக் கூலர் தொடக்கம் முதலே தேவைப்பட்டதல்ல. 1980-களின் தொடக்கத்துக் கணினிகளில் பிராசசர் வெறுமனே பலகையில் செருகப்பட்டிருந்தது. 1993-இல் வந்த பென்டியம் சுமார் 15 வாட் இழுத்தது. சின்ன அலுமினியக் கட்டியும் சின்ன விசிறியும் அதற்குப் போதும். 2004-இல் பென்டியம் 4 வரிசையின் பிரெஸ்காட் சில்லுகள் 100 வாட்டைத் தாண்டின. அதற்கு அடுத்து வரவிருந்த டேஜாஸ் என்ற வடிவமைப்பை இன்டெல் அதே ஆண்டில் கைவிட்டது. வேகத்தை மட்டும் ஏற்றிக்கொண்டே போனால் வெப்பத்தைச் சமாளிக்க முடியாது என்பது அப்போது தெளிவாயிற்று. பல கோர்களைக் கொண்ட பிராசசர்கள் அதன்பின் பெருகின. சில ஆண்டுகள் வாட் எண்ணிக்கை அடங்கியிருந்தது. இன்று உயர்தரச் சில்லுகளில் அது மீண்டும் ஏறிவிட்டது.

பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் வாட் எண்ணை மட்டும் பார்த்துக் கூலர் வாங்கும் வழக்கம் பல ஏமாற்றங்களுக்குக் காரணம். கோர் ஐ5-12400 பிராசசரின் அடிப்படை அளவு 65 வாட்; ஆனால் முழு வேகத்தில் அது 117 வாட் வரை இழுக்க இன்டெல் அனுமதிக்கிறது. கோர் ஐ9-14900கே 125 வாட் என்று விற்கப்படுகிறது. அதன் உச்சம் 253 வாட். ஏஎம்டியிலும் இதே நிலை: ரைசன் 5 7600-க்கு 65 வாட் என்று எழுதியிருக்கும், சாக்கெட் வழியே 88 வாட் போகும், ரைசன் 9 7950எக்ஸ் 170 என்று சொல்லி 230 வரை போகும். கூலர் தேர்வுக்கு வேண்டியது இரண்டாவது எண். அதிலும் அந்த உச்சம் எத்தனை நேரம் நீடிக்கும் என்பதே முக்கியம். ஜெராக்ஸ் கடையில் சான்றிதழை ஸ்கேன் செய்யும் கணினி சில வினாடிகள் மட்டும் உச்சத்தைத் தொட்டு இறங்கிவிடும். கல்யாண வீடியோவை எடிட் செய்து முடித்து ரெண்டர் போடும் ஸ்டுடியோ கணினி மணிக்கணக்கில் உச்சத்திலேயே நிற்கும்.

சில்லிலிருந்து அறைக் காற்றுக்கு வெப்பம் போகும் பாதையில் பல படிகள் உள்ளன. முதலில் சில்லின் மேல் மூடியிருக்கும் உலோகத் தொப்பி, அடுத்து தெர்மல் பேஸ்ட், பிறகு கூலரின் அடிப்பாகம், ஹீட் பைப், தகடுகள், கடைசியாகக் காற்று. ஒவ்வொரு படியும் சிறிது தடை போடுகிறது. செம்பு வெப்பத்தைக் கடத்தும் திறன் மீட்டர்-கெல்வினுக்குச் சுமார் 400 வாட், அலுமினியம் 237 அளவு, அசையாத காற்றோ 0.026 மட்டுமே. பேஸ்ட் செம்போடு ஒப்பிட்டால் மிக மட்டமான கடத்தி. ஆனாலும் இரண்டு உலோகப் பரப்புகளுக்கு நடுவே கண்ணுக்குத் தெரியாத பள்ளங்களில் நிற்கும் காற்றைவிட நூறு மடங்குக்கு மேல் நல்லது. அதன் பயன் அவ்வளவே. பேஸ்டைத் தடிமனாகப் பூசினால் வெப்பம் நன்றாகக் கடத்தப்படும் என்று எண்ணுவது தவறு.

பாதையின் நடுவே இருக்கும் ஹீட் பைப் தனிக் கவனத்துக்கு உரியது. 1963-இல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் ஜார்ஜ் குரோவர் அதைச் செயல்படும் கருவியாக உருவாக்கிக் காட்டினார். வெளியில் செப்புக் குழாய்; உள்ளே காற்றை வெளியேற்றிவிட்டு விட்ட கொஞ்சம் தண்ணீர்; உட்சுவரில் செப்புத் துகள்களைச் சூட்டில் ஒட்டவைத்த துளைப் படலம். அழுத்தம் குறைந்திருப்பதால் தண்ணீர் தாழ்ந்த வெப்பத்திலேயே ஆவியாகிறது. பிராசசர் பக்கம் ஆவியாகி, தகடுகள் பக்கம் போய்க் குளிர்ந்து, மறுபடி நீராகித் துளைப் படலத்தின் வழியே திரும்புகிறது. இதற்கு மோட்டார் கிடையாது, ஓசை கிடையாது, தேயும் பாகமும் கிடையாது. டவர் கூலர் என்று கடைகளில் சொல்லப்படுவது இந்தக் குழாய்கள் நான்கையோ ஆறையோ நிமிர்த்தி, அவற்றில் மெல்லிய அலுமினியத் தகடுகளை வரிசையாகக் கோத்த அமைப்பு. இன்று ஓசையில்லாக் கணினி சாத்தியமாக இருப்பதற்கு முதல் காரணம் இதுதான்.

கூலரால் செய்யவே முடியாதது ஒன்று உண்டு. அறைக் காற்றின் வெப்பநிலைக்குக் கீழே அதனால் பிராசசரைக் கொண்டுபோக முடியாது. அது காற்றால் குளிர்விப்பதாயினும் நீரால் குளிர்விப்பதாயினும் இந்த எல்லை மாறாது. இங்கேதான் ஊரின் தட்பவெப்பம் நேரடியாக உள்ளே நுழைகிறது.

கொட்டாம்பட்டியை எடுத்துக்கொள்வோம். மதுரை மாவட்டத்தின் வட ஓரத்தில், மேலூர் வட்டத்தில் இருக்கும் ஊராட்சி ஒன்றியத் தலைமையிடம் அது. திருச்சி–மதுரை தேசிய நெடுஞ்சாலை இதன் வழியே போகிறது. மேற்கே நத்தத்துக்கும் கிழக்கே சிங்கம்புணரிக்கும் இங்கிருந்து சாலைகள் பிரிகின்றன. சென்னையில் பிற்பகலில் வெயிலைத் தணிக்கும் கடற்காற்று இங்கே எட்டாது. சித்திரை, வைகாசியில், அதாவது மே 4-ஐ ஒட்டித் தொடங்கி மே 28-ஐ ஒட்டி முடியும் கத்திரி நாட்களில், பகல் வெப்பம் 40 டிகிரியைத் தொடுவது புதிதல்ல. வெளியில் வெயில் தாழ்ந்த பிறகும் கான்கிரீட் கூரை பகலெல்லாம் வாங்கிய சூட்டை இரவில் அறைக்குள் விட்டுக்கொண்டே இருக்கும். கடைத்தெருவில் தகரக் கூரை போட்ட அறை என்றால் பகலில் நிலைமை இன்னும் கடுமை.

இதன் விளைவை ஒரு கணக்கில் காணலாம். சோதனை அறையில் 22 டிகிரி இருக்கும்போது ஒரு பிராசசர் 120 வாட் இழுத்து 72 டிகிரியில் நிற்பதாகக் கொள்வோம். கூலர் 50 டிகிரி ஏற்றத்தை அனுமதிக்கிறது என்று இதற்குப் பொருள். விசிறி அதே வேகத்தில் சுழன்றால், எந்த அறையிலும் இந்த ஏற்றம் ஏறக்குறைய அப்படியே இருக்கும். அறை 38 டிகிரி என்றால் பிராசசர் 88-இல் நிற்கும். கேபினெட்டுக்குள் காற்று அறையைவிட 5 டிகிரி கூடுதலாகச் சூடேறியிருந்தால் 93. பன்னிரண்டாம் தலைமுறை இன்டெல் பிராசசர்களின் எல்லை 100 டிகிரி. ரைசன் 7000 வரிசைக்கு 95. எல்லையைத் தொட்டவுடன் பிராசசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதற்கு முன்பே மதர்போர்டு விசிறியின் வேகத்தை ஏற்றியிருக்கும். சோதனை அட்டவணையில் மிக அமைதியானது என்று பெயர் வாங்கிய கூலர் கொட்டாம்பட்டியில் இரைவதற்குக் காரணம் கூலரின் குற்றமல்ல. அறையின் வெப்பம் விசிறியின் ஓசையாக மாறுகிறது.

ஓசை எப்படிக் கூடுகிறது என்பதை அறிந்தால் எப்படிக் குறைப்பது என்பதும் விளங்கும். விசிறியின் வேகத்தோடு காற்றின் அளவு நேர் விகிதத்தில் கூடுகிறது. ஓசையோ அதைவிட மிக வேகமாக, ஏறத்தாழ வேகத்தின் ஐந்தாம் அடுக்கில் கூடுகிறது. நிமிடத்துக்கு 1600 சுற்று சுழலும் விசிறியை 1000-க்கு இறக்கினால் காற்று 62 விழுக்காடாகக் குறையும். ஓசை சுமார் 10 டெசிபெல் இறங்கும். 10 டெசிபெல் இறக்கம் காதுக்குப் பாதி ஓசையாகக் கேட்கும். அதே விசிறியை இரண்டாக்கினால் கூடுவது 3 டெசிபெல் மட்டும். ஆகவே ஒரு சின்ன விசிறி வேகமாகச் சுழல்வதைவிட, பெரிய தகட்டுப் பரப்பின் முன்னே ஒன்றிரண்டு பெரிய விசிறிகள் மெதுவாகச் சுழல்வது எப்போதும் மேல். அமைதிக்காகச் செலவிடும் பணம் முதலில் தகடுகளின் பரப்புக்குப் போக வேண்டும்.

பெட்டியில் அச்சிட்டிருக்கும் டெசிபெல் எண்ணைக் கொண்டு இரண்டு நிறுவனங்களை ஒப்பிடுவது பயனற்றது. எவ்வளவு தூரத்தில், எந்த வேகத்தில், தனி விசிறியாகவா அல்லது தகடுகளில் மாட்டிய பிறகா அளந்தார்கள் என்பது ஒவ்வொருவருக்கும் வேறு. தகடுகளின் ஊடே காற்றைத் தள்ளும்போது எழும் ஓசை தனி விசிறியின் ஓசையைவிட மாறுபட்டது.

நம் வீடுகளில் ஓசையின் அளவுகோலே வேறு. குளிர்நாடுகளில் சன்னலை மூடிய அறையில், வேறு எந்த விசிறியும் ஓடாத நிலையில் கணினியின் முணுமுணுப்பும் கேட்கும். இங்கே ஆண்டில் பெரும்பகுதி சீலிங் ஃபேன் ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் காற்றோசைக்கு நடுவே நிதானமாகச் சுழலும் 120 மில்லிமீட்டர் விசிறி கேட்கவே கேட்காது. கடைசி இரண்டு மூன்று டெசிபெலைக் குறைக்க இரண்டு மடங்கு விலை கொடுப்பது இங்கே பெரும்பாலும் வீண். ஆனால் சீலிங் ஃபேன் மறைப்பது காற்றோசையை மட்டும்தான். ஒரே சுருதியில் எழும் ரீங்காரம், பேரிங் தேய்ந்த கரகரப்பு, நொடிக்கொருமுறை ஏறி இறங்கும் விசிறியின் ஊளை ஆகியவை அதையும் துளைத்துக்கொண்டு கேட்கும். ஆகவே இந்த ஊரில் அமைதி என்பது டெசிபெல் எண்ணைவிட ஓசையின் தன்மையைப் பொறுத்தது.

தன்மையைத் தீர்மானிப்பவற்றில் பேரிங் முதன்மையானது. மலிவான ஸ்லீவ் பேரிங் புதிதில் அமைதியாக இருக்கும். சூட்டில் எண்ணெய் வற்றியதும் கரகரக்கத் தொடங்கும். பால் பேரிங் நீடித்து உழைக்கும். ஆனால் தொடக்கம் முதலே மெல்லிய உராய்வு ஓசை உண்டு. திரவப் பேரிங் எனப்படும் ஃப்ளூயிட் டைனமிக் வகை இரண்டு நன்மைகளையும் தருவதால் சூடான ஊருக்கு ஏற்றது. விசிறியில் நான்கு கம்பி இணைப்பு இருப்பதும் நல்லது. நான்காவது கம்பி வழியே போகும் கட்டுப்பாட்டுத் துடிப்பு நொடிக்கு 25,000 முறை. மனிதக் காது கேட்கும் எல்லையைத் தாண்டியதாகையால் அதனால் ரீங்காரம் எழுவதில்லை.

அடுத்தது பயாஸில் இருக்கும் விசிறி வரைபடம். எத்தனை டிகிரிக்கு எத்தனை வேகம் என்று அங்கே வகுத்திருப்பார்கள். சும்மா இருக்கும் பிராசசர் 35, 40 டிகிரியில் நிற்கும் குளிர்ந்த அறைகளுக்கே அந்த ஏற்பாடு பொருந்தும். கொட்டாம்பட்டி வெயிலில் சும்மா இருக்கும்போதே 50 டிகிரி காட்டும்; விசிறி தாழ்ந்த வேகத்துக்கு வரவே வராது. வரைபடத்தை மாற்றி, 65 டிகிரி வரை தாழ்ந்த சமவேகம், அதன்பின் மெதுவான ஏற்றம், 85-க்கு மேல் முழு வேகம் என்று வைத்தால் போதும். பிராசசரின் வெப்பம் கண்ணிமைக்கும் நேரத்தில் பத்து டிகிரி துள்ளக்கூடியது. அதைத் துரத்திக்கொண்டு விசிறி ஓட வேண்டியதில்லை. வேக மாற்றத்துக்குச் சில வினாடித் தாமதம் வைக்கும் வசதி பெரும்பாலான மதர்போர்டுகளில் உண்டு. இந்த இரண்டு மாற்றங்களுக்கும் ஒரு ரூபாய் செலவில்லை. புதுக் கூலர் வாங்கும் முன் எல்லோரும் இதைச் செய்து பார்க்க வேண்டும்.

கூலர் வகைகளில் முதலில் வருவது பிராசசரோடு பெட்டியில் வரும் இலவசக் கூலர். இன்டெலின் லாமினார் ஆர்எம்1, ஏஎம்டியின் ரெய்த் ஸ்டெல்த் ஆகியவை இவ்வகை. ஹீட் பைப் இல்லாத சின்ன உலோகக் கட்டி, மேலிருந்து ஊதும் விசிறி. இ-சேவை மையம், பில் போடும் கடை, தட்டச்சு வேலை, பள்ளிப்பாடம் ஆகியவற்றுக்கு ஐ3 அளவிலான பிராசசரோடு இது போதும். நீண்ட நேர வேலைக்கு, அதுவும் கத்திரியில், போதாது; உயிரைக் கொடுத்துச் சுழன்று ஓசையால் அறையை நிறைத்துவிடும். பூட்டு நீக்கிய 'கே' வகை இன்டெல் பிராசசர்களோடு கூலர் வருவதே இல்லை.

ஒற்றை டவர் கூலர்களே இந்தச் சமவெளியில் பெரும்பாலோருக்குச் சரியானவை. டீப்கூல் ஏகே400 நான்கு ஹீட் பைப்பும் ஒரு 120 மில்லிமீட்டர் விசிறியும் கொண்டது, உயரம் 155 மில்லிமீட்டர். கூலர் மாஸ்டரின் ஹைப்பர் 212 பல ஆண்டுகளாக இதே வகையில் விற்கும் பெயர். 2,000 முதல் 3,000 ரூபாய்க்குள் இந்த வகையில் நல்லது ஒன்று கிடைத்துவிடும். 120 வாட் வரை தொடர்ந்து இழுக்கும் பிராசசரை வெயில் காலத்திலும் எல்லைக்குள் வைக்க இது போதும். அதற்கு மேலே இரட்டை டவர்கள்: ஆறு ஹீட் பைப் கொண்ட தெர்மல்ரைட் பியர்லெஸ் அசாசின் 120 எஸ்இ, டீப்கூல் ஏகே620, ஆஸ்திரிய நிறுவனமான நாக்டுவாவின் என்எச்-டி15. கடைசியாகச் சொன்னது 2014-இல் வந்தது, விசிறிகளோடு 1.3 கிலோ எடை, 165 மில்லிமீட்டர் உயரம். வேலைத்தரத்திலும் விசிறியின் நயத்திலும் அது இன்றும் மேலானது. ஆயினும் விலை வேறுபாட்டை எண்ணிப் பார்த்தால், தெர்மல்ரைட் கூலரே இங்குள்ள ஸ்டுடியோக்காரருக்கு நியாயமான தேர்வு.

திரவக் கூலர்கள் மீது இளைஞர்களுக்கு இருக்கும் மோகம் பெரிது. பம்பு ஒன்று திரவத்தைக் குழாய் வழியே ரேடியேட்டருக்கு அனுப்ப, அங்கே 240 அல்லது 360 மில்லிமீட்டர் நீளத்தில் விசிறிகள் அதைக் குளிர்விக்கின்றன. 200 வாட்டுக்கு மேல் தொடர்ந்து இழுக்கும் பிராசசருக்கு 360 மில்லிமீட்டர் ரேடியேட்டர் உண்மையிலேயே உதவும். 240 அளவோ நல்ல இரட்டை டவரைவிடப் பெரிதாக எதுவும் தருவதில்லை. பம்பின் ஓசை கூடுதலாகச் சேரும். குழாய்ச் சுவர் வழியே திரவம் ஆண்டுக்கணக்கில் சிறிது சிறிதாக ஆவியாகிக் குறையும். சூடு இதை விரைவுபடுத்தும். அப்போது உள்ளே சேரும் காற்றுக் குமிழ் பம்பில் சிக்கினால் களகளவென்று ஓசை எழும். ஆகவே ரேடியேட்டரின் மேற்பகுதி பம்பைவிட உயரத்தில் இருக்கும்படி மாட்ட வேண்டும். பம்பு நின்றால் கணினி நிற்கும். டவர் கூலரில் விசிறி பழுதானால் சில நூறு ரூபாயில் வேறு விசிறி மாட்டி அன்றே ஓட்டலாம். வாரண்டிக்காக மதுரைக்கோ சென்னைக்கோ பெட்டியை அனுப்பிக் காத்திருக்க வேண்டிய ஊரில் இது சிறிய வேறுபாடல்ல.

திரவக் குளிர்விப்பு உரிய இடத்தில் சிறந்தது என்பதற்கு அண்டையிலேயே சான்று உண்டு. திருச்சி தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் 2022 மே 25 அன்று தொடங்கிவைக்கப்பட்ட பரம் பொருள் என்ற மீக்கணினி 838 டெராஃபிளாப்ஸ் திறன் கொண்டது. தேசிய மீக்கணினித் திட்டத்தின் கீழ் நிறுவப்பட்ட அதில் திரவத்தை நேராகச் சில்லுகளின் மேலுள்ள தகடுகளுக்கு அனுப்பிக் குளிர்விக்கிறார்கள். நெருக்கமாக அடுக்கிய நூற்றுக்கணக்கான பிராசசர்களுக்குக் காற்று போதாது. மேசையடியில் தனியாக நிற்கும் ஒரு பிராசசருக்கு அந்த நெருக்கடி இல்லை.

விசிறியே இல்லாத கூலர்களும் உள்ளன. 2021-இல் வந்த நாக்டுவா என்எச்-பி1 அவ்வகை. சூடான காற்று தானே மேலெழுவதை நம்பும் கருவி அது. காற்றே சூடாக இருக்கும் இடத்தில் வைகாசி மாதம் அதை நம்பக் கூடாது. தாழ்ந்த சின்னக் கேபினெட்டுகளுக்கான தட்டைக் கூலர்கள் இடவசதிக்காகவே உள்ளவை. அமைதிக்காக அவற்றை யாரும் தேர வேண்டாம்.

தூசியைப் பற்றி வெளியூர்ச் சோதனைகள் அநேகமாக எதுவும் சொல்வதில்லை. இங்கே அது வெயிலுக்கு நிகரான பகை. நெடுஞ்சாலைப் புழுதி, கிரானைட்டுக்குப் பேர்போன மேலூர் வட்டாரத்தின் கல்தூள், மழையில்லாத மாதங்களில் வயல்களிலிருந்து எழும் செம்மண், சிங்கம்புணரிப் பக்கத் தென்னைநார்த் துகள் எல்லாம் காற்றோடு வருகின்றன. விசிறிக்குப் பின்னால் தகடுகளின் முன்விளிம்பில் இவை ஒரு கம்பளிப் படலமாகப் படியும். படலம் கட்டிய பிறகு 3,000 ரூபாய்க் கூலரும் இலவசக் கூலரும் ஒன்றே. ஆகவே தகடுகள் மிக நெருக்கமாக இருக்கும் கூலரைவிட, இடைவெளி சற்று விட்டு அமைந்ததும், கிளிப்பைக் கழற்றி விசிறியைத் தனியே எடுக்க வசதியானதும் இந்த ஊருக்கு ஏற்றவை. கழற்றச் சிரமமான கூலரை யாரும் சுத்தம் செய்வதில்லை.

சுத்தம் செய்வதற்கும் முறை உண்டு. ப்ளோயரால் ஊதும்போது விசிறியை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். கட்டற்றுச் சுழன்றால் பேரிங் கெடும். காற்றை விசிறி தள்ளும் திசைக்கு எதிர்ப்புறமிருந்து ஊதினால் படலம் வந்த வழியே வெளியேறும். தண்ணீரில் இயங்கும் ஏர் கூலரைக் கணினிக்கு நேரே வைக்கக் கூடாது. அதன் ஈரக் காற்றில் தூசி களிமண்ணாகி ஒட்டிக்கொள்ளும், ப்ளோயருக்கு அசையாது.

கேபினெட் சரியில்லாவிட்டால் எந்தக் கூலரும் தோற்கும். முன்புறம் கண்ணாடியோ மூடிய பிளாஸ்டிக்கோ பளபளக்கும் கேபினெட்டுகள் கடைகளில் நிறைய. அவற்றில் காற்று நுழைய வழி குறைவு. கூலர் தன் சூட்டையே திரும்பத் திரும்ப உறிஞ்சிக்கொண்டிருக்கும். முன்புறம் வலைத் தகடு, அதன் பின்னே கழற்றிக் கழுவக்கூடிய வடிகட்டி, முன்னே இரண்டு விசிறி உள்ளிழுக்க, பின்னே ஒன்று வெளித்தள்ள: இந்த ஏற்பாடு போதும். உள்ளே வரும் காற்று வெளியேறுவதைவிடச் சற்றுக் கூடுதலாக இருந்தால் இடுக்குகள் வழியே தூசி நுழைவது குறையும். கேபினெட்டைத் தரையில் வைக்காமல் ஒரு பலகை உயரத்தில், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தால் தூசியும் சூடும் இரண்டும் தணியும். மேசையின் மூடிய அறைக்குள் கேபினெட்டை அடைப்பது மிகக் கெட்ட பழக்கம். பல அலுவலகங்களில் இன்னும் அதற்கென்றே மேசை செய்து வாங்குகிறார்கள்.

வாங்குவதற்கு முன் பொருத்தம் பார்க்க வேண்டும். கேபினெட்டில் கூலருக்கு இடமுள்ள உயரம் அதன் கையேட்டில் இருக்கும். 160 மில்லிமீட்டருக்குக் குறைவான இடமே உள்ள மலிவுக் கேபினெட்டுகள் பல; அவற்றில் பெரிய டவர் வைத்தால் பக்கக் கதவு மூடாது. விசிறி ராம் மேல் இடிக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். இன்டெலின் எல்ஜிஏ 1700 சாக்கெட்டில் திருகுத் துளைகளின் இடைவெளி 78 மில்லிமீட்டர்; அதற்கு முந்தைய எல்ஜிஏ 1200-இல் 75. பழைய கூலரை மாற்றி மாட்ட நினைப்பவர் தனி மாட்டுச் சட்டம் கேட்டு வாங்க வேண்டும். ஏஎம்டியின் ஏஎம்4 கூலர்களில் பெரும்பாலானவை ஏஎம்5 பலகையிலும் உட்காரும். ஏஎம்5-இல் பின்தகடு நிலையானது, ஆகவே தன் பின்தகட்டோடு வரும் சில பழைய கூலர்கள் மட்டும் சேராது.

மாட்டும்போது பட்டாணி அளவு பேஸ்ட் நடுவில் வைத்து, எதிரெதிர் மூலைத் திருகுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக மாறி மாறி முடுக்க வேண்டும். இன்டெல் இலவசக் கூலரில் நான்கு பிளாஸ்டிக் ஊசிகள். அவற்றில் ஒன்று கழன்றிருப்பதே திடீர்ச் சூட்டுக்கு அடிக்கடி காரணம். கூலரைக் குறை சொல்லும் முன் மதர்போர்டின் பின்பக்கம் நான்கு ஊசியும் வெளிவந்திருக்கின்றனவா என்று பார்ப்பது நல்லது. பெரிய டவர் மாட்டிய கணினியை மதுரையிலிருந்து பேருந்திலோ வேனிலோ கொண்டுவரும்போது, மதர்போர்டு கிடைமட்டமாக இருக்கும்படி கேபினெட்டைப் படுக்கவைத்துக் கொண்டுவர வேண்டும். நிமிர்த்தி வைத்தால் ஒரு கிலோ எடை ஒவ்வொரு வேகத்தடையிலும் பலகையை இழுக்கும்.

இவ்வளவுக்கும் முந்திய வழி ஒன்று உள்ளது. அது போதிய அளவு பேசப்படுவதில்லை. பிராசசர் இழுக்கும் வாட்டையே குறைத்துவிடலாம். ரைசன் பலகைகளில் ஈகோ மோடு, இன்டெல் பலகைகளில் மின் எல்லை அமைப்பு என்ற பெயர்களில் இந்த வசதி பயாஸில் இருக்கிறது. பிராசசரின் கடைசி நூறு இருநூறு மெகாஹெர்ட்ஸ் வேகத்துக்காகவே மின்னழுத்தம் மிகையாக ஏற்றப்படுகிறது. மின்னழுத்தத்தின் இருமடியில் மின்சாரச் செலவு கூடுவதால், வாட்டைப் பாதியாக்கினாலும் வேகம் பாதியாவதில்லை. குறைவது அதைவிட மிகச் சிறிய பங்கு. 120 வாட்டில் 50 டிகிரி ஏறிய அதே கூலரில் 80 வாட்டுக்கு 33 டிகிரிதான் ஏறும். 38 டிகிரி அறையிலும் பிராசசர் 71-இல் நிற்கும், விசிறி மெதுவாகச் சுழலும். மின்சாரம் போகும்போது யுபிஎஸ் கூடுதல் நிமிடங்கள் தாங்கும் என்பது மேலதிக லாபம். பிராசசர் வாங்கும்போதே 'கே', 'எக்ஸ்' எழுத்துகள் இல்லாத 65 வாட் வகையைத் தேர்வது இதே நன்மையைத் தொடக்கத்திலேயே தந்துவிடுகிறது.

ஆகவே இந்தச் சமவெளியில் பில் போடவும் விண்ணப்பம் ஏற்றவும் உள்ள கணினிக்கு இலவசக் கூலரும், மாற்றியமைத்த விசிறி வரைபடமும் போதும். வீட்டில் விளையாட்டுக்கும் படிப்புக்கும் உள்ள ஐ5 அல்லது ரைசன் 5 கணினிக்கு நான்கு ஹீட் பைப் கொண்ட ஒற்றை டவர் வேண்டும். நாள் முழுவதும் ரெண்டர் ஓடும் ஸ்டுடியோவுக்கு இரட்டை டவரும் வலைமுகக் கேபினெட்டும், கூடவே மின் எல்லையும் வேண்டும். 253 வாட் பிராசசரை எல்லை வைக்காமல் ஓட்டியே தீர வேண்டியவருக்கு 360 மில்லிமீட்டர் திரவக் கூலர் உண்டு. ஆனால் ஏசி இல்லாத அறையில் அதுவும் அமைதியாக இருக்காது. எதை வாங்கினாலும் பங்குனி பிறந்ததும், கத்திரிக்கு முன்பே, ஒருமுறை விசிறியைக் கழற்றித் தகடுகளை ஊதிச் சுத்தம் செய்துவிடுங்கள். நெடுஞ்சாலையை ஒட்டிய கடை என்றால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை.